16 ரூபா 66 காசு

இதழுக்கு மெய்ப்புத் திருத்த உட்கார்ந்த ஒரு ராத்திரி. உதவிக்கு விடுதியிலிருந்து நான்கு மாணவத் தோழர்கள் வந்திருந்தார்கள். பத்து மணிக்குப் பசி எடுத்தது. எல்லார் சட்டைப் பையையும் கவிழ்த்துக் கொட்டியதில் 140 ரூபாய் தேறியது. ஐந்து பேர். முக்குக் கடையில் பரோட்டா 12 ரூபாய், ஆம்லெட் 20 ரூபாய். கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு தோழர், 'எனக்குப் பசிக்கல தோழர், நீங்க சாப்பிடுங்க' என்றார். காலையில் விடுதியில் தின்ற உப்புமாவுக்குப் பிறகு அவர் வயிற்றுக்குள் டீயைத் தவிர வேறு எதுவும் போகவில்லை என்பது மற்ற மூவருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. ஏனென்றால் அவர்களும் ஒவ்வொரு நாளில் அதையே சொன்னவர்கள்தான்.

எட்டு பரோட்டாவும் ரெண்டு ஆம்லெட்டும் வாங்கினோம். கேட்கக் கேட்க முகம் சுளிக்காமல் சால்னா ஊற்றிக் கொடுத்த அந்தக் கடைக்காரர் நல்லா இருக்கணும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே கொட்டி, ஊறவிட்டு, ஒரே தாம்பாளத்தில் ஐந்து கைகளும் விழுந்தன. 'பசிக்கல' என்ற தோழர்தான் கடைசிவரை தாம்பாளத்தை வழித்தார். மிச்சம் நாலு ரூபாய்.

இந்தப் 'பசிக்கல' என்கிற பொய்யைப் பற்றியதுதான் இந்தத் தலையங்கம். விடுதலையைப் பற்றி எழுத வேண்டிய பக்கத்தில் பரோட்டாவைப் பற்றி எழுதுகிறார்களே என்று நினைக்கிற தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

கிராமத்துச் சேரியிலிருந்து முதல் ஆளாக நகரத்துக் கல்லூரிக்கு வருகிற பையனுக்கும் பெண்ணுக்கும் இந்தப் பொய் முதல் மாதத்திலேயே கைவந்துவிடும். கூடப் படிக்கிறவர்கள் பிறந்தநாள் என்று ஏசி ஓட்டலுக்குக் கூப்பிடுவார்கள். 'பில்லைச் சமமா பிரிச்சுக்கலாம்' என்பார்கள். சமம்! அவர்கள் வாயில் அந்த வார்த்தை அங்கே மட்டும்தான் வரும். ஒரு காபியைக் குடித்துவிட்டு முந்நூறு ரூபாய் பங்கு கொடுத்துவிட்டு வந்து, அடுத்த பத்து நாள் காலையில் பட்டினி கிடந்த கதை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அதற்குப் பிறகுதான் பொய்கள் தொடங்கும். 'வயிறு சரியில்ல.' 'இப்பதான் சாப்பிட்டு வந்தேன்.' 'இன்னைக்கு விரதம்.' நம்ம வீட்டில் ஆத்தாளுக்கும் அப்பனுக்கும் தெரியாத விரதமெல்லாம் பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைச் சிக்கனம் என்று சொல்லாதீர்கள். காசில்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி 'எந்த ஊரு, எந்தத் தெரு' என்று எங்கே போய் முடியும் என்பது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் பசியை மறைக்கிறார்கள்.

கணக்குக்கு வருவோம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் உணவுப்படியை 2023-இல் அரசு உயர்த்தியது. பள்ளி மாணவருக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 1,400 ஆனது. கல்லூரி மாணவருக்கு 1,100 ரூபாயாக இருந்தது 1,500 ஆனது. பிற்படுத்தப்பட்டோர் விடுதிகளுக்கும் இதே கணக்குத்தான். உயர்த்தியது நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 1,500-ஐ 30 நாளால் வகுத்தால் 50 ரூபாய். மூன்று வேளைக்குப் பங்கு போட்டால் ஒரு வேளைக்கு 16 ரூபாய் 66 காசு. பள்ளிப் பிள்ளைக்கு 15 ரூபாய் 55 காசு. வளர்கிற வயசுப் பிள்ளையின் ஒருவேளைச் சோறு ஒரு பரோட்டா, கூட நாலு ரூபாய் என்கிற அளவில் நிற்கிறது. உயர்த்திய பிறகே இந்தக் கதி. அதற்கு முன்னால் 1,100 ரூபாயில் படித்துப் பட்டம் வாங்கி வெளியே வந்த அண்ணன் அக்காமார் எதைத் தின்று படித்தார்கள் என்று யாராவது ஆய்வுப் பட்டத்துக்கு எழுதலாம்.

2025 ஜூலையில் எல்லா நல விடுதிகளுக்கும் 'சமூக நீதி விடுதி' என்று ஒரே பெயர் வைத்தார்கள். சாதிப் பெயர் பலகையிலிருந்து போனது நல்லது. அந்தப் பலகைக்குக் கீழே நுழைய மாட்டேன் என்று ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்து வந்த பிள்ளைகளை நமக்குத் தெரியும். ஆனால் பலகையைத் தாண்டி உள்ளே போனால் தட்டு இருக்கிறது. சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. கோழிக்குழம்பு ஊற்றுகிற நாளில் துண்டு யாருக்கு விழும் என்பது அதிர்ஷ்டச் சீட்டு மாதிரி. சமூகநீதி அந்தக் கரண்டி வரைக்கும் வரணும். அடுப்படியில் வேகிற சமையல்காரம்மா மேல் கோபப்பட்டுப் பயனில்லை. பெரும்பாலும் அவரும் நம்மைப் போல ஏழைப்பட்ட வீட்டு ஆள்தான். 16 ரூபாயை வைத்து அவர் என்ன மந்திரமா போட முடியும்?

உதவித்தொகையும் வேளைக்கு வருவதில்லை. கல்லூரி திறந்து, பரீட்சை முடிந்து, சில சமயம் மாற்றுச் சான்றிதழ் வாங்குகிற வேளையில் வங்கிக் கணக்கில் வந்து விழும். பசி ஜூன் மாசத்தில், பணம் மார்ச் மாசத்தில். நடுவில் கைமாத்து, மளிகைக் கடன், கேட்டரிங்கில் இலை எடுக்கிற வேலை. இப்போது செல்போனில் வரும் ஆர்டரை எடுத்து வண்டியில் சாப்பாடு கொண்டுபோகிற வேலையும் சேர்ந்துகொண்டது. அடுத்தவன் பிரியாணியின் சூடு முதுகில் உறைக்க, காலி வயிற்றோடு நாலாவது மாடி ஏறுகிற பட்டதாரிகள் இன்றைக்கு நம் தெருக்களில் இருக்கிறார்கள். அந்த வேலையிலும் தீட்டு நுழையப் பார்த்தது. 2024 மார்ச்சில் சொமாட்டோ நிறுவனம் 'சுத்த சைவ'க்காரர்களுக்கென்று தனி ஆட்களையும் பச்சை உடுப்பையும் அறிவித்தது. கறி சுமந்த பெட்டி காய்கறிச் சோற்றைத் தொடக்கூடாதாம்! நாடு முழுக்கக் காறித் துப்பியதும் மறுநாளே பச்சை உடுப்பைக் கைவிட்டார்கள். உடுப்பு போனது. தனி ஆள் என்கிற நினைப்பு போய்விட்டதா?

இவ்வளவு புலம்பலையும் கேட்டுவிட்டு ஒரு பெரிய மனிதர் சொல்வார்: 'வயிறு நிறையுதுல்ல, அது போதாதா? ருசி கேக்குதா ஒங்களுக்கு?' ஆமாம், கேட்கிறது. நாம் சொல்ல வந்ததே அதுதான். நம்மை வயிறாக மட்டும் பார்த்துப் பழகிவிட்டார்கள். நிரப்பிவிட்டால் அடங்கிவிடும் குழி என்று நினைக்கிறார்கள். நமக்கு நாக்கும் இருக்கிறது. அந்த நாக்குக்கு ஒரு பெரிய சொத்தும் இருக்கிறது.

ரேஷன் அரிசிச் சோற்றில் தண்ணி ஊற்றி, மறுநாள் காலை உப்புக்கல் போட்டுக் கரைத்து, சுட்ட கருவாட்டைக் கடித்துக்கொண்டு குடித்துப் பாருங்கள். அடைமழைக்குக் கொடியில் கட்டிவைத்த உப்புக்கண்டத்தைத் தணலில் வாட்டி அம்மியில் தட்டிக் கொடுத்த அப்பாயி கை மணம் எந்த ஓட்டலில் கிடைக்கும்? நடவு முடிந்த வயலில் பிடித்த நண்டை இடித்துப் பிழிந்த ரசம். குடல் கறி, ஈரல், சுவரொட்டி, ரத்தப் பொரியல். நல்ல துண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் ஒதுக்கிப் போட்டதை வைத்துத்தான் நம் பெண்கள் இந்தச் சமையலைக் கண்டுபிடித்தார்கள். இல்லாத குறையிலிருந்து ருசியை உண்டாக்கத் தெரிந்த சனம் இது. இந்தச் சனத்தைப் பார்த்தா ருசி கேட்குதா என்கிறீர்கள்?

விடுதிப் பிள்ளைகளும் அந்த வழிதான். உதவித்தொகை வந்த அன்றைக்கு விடுதி வாசலைப் பாருங்கள். ஒரு கூட்டம் அம்மா உணவகத்தை விட்டுவிட்டு பிரியாணிக் கடைக்குப் போகும். அம்மா உணவகத்தைக் குறை சொல்லவில்லை. 2013-இல் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய் என்று வைத்தார்கள். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காமல் ஒரே வரிசையில் நிற்க வைத்துச் சோறு போட்ட இடம் அது. மாசக் கடைசியில் எத்தனையோ பேர் படிப்பை அதுதான் காப்பாற்றியது. ஆனால் மாச முதல் வாரம் என்று ஒன்று இருக்கிறதே! அன்றைக்கு பெரம்பூர் பக்கமோ புளியந்தோப்புப் பக்கமோ போய், தட்டு நிறைய மாட்டுக்கறி பிரியாணி, பக்கத்தில் கொஞ்சம் கத்தரிக்காய், மேலே ஒரு கரண்டி வறுவல். அந்த ஒரு மணி நேரம் யாரும் 'பசிக்கல' என்று சொல்ல மாட்டார்கள். 'இன்னொரு அரை பிளேட் சொல்லுடா' என்பார்கள். அந்தக் குரலைக் கேட்க வேண்டும் தோழர்களே.

மாட்டுக்கறி நமக்கு வெறும் சின்னம் இல்லை. முதலில் அது விலை. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட வராது. கையில் நூறு ரூபாய் வைத்திருக்கிற பிள்ளைக்கு உடம்பில் ஒட்டுகிற மாதிரி கறி தின்ன இருக்கிற ஒரே வழி அது. அந்த வழியைத்தான் அடைக்கப் பார்க்கிறார்கள். 2017 மே மாதம் ஒன்றிய அரசு சந்தையில் மாடு விற்பதற்கே கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதை எதிர்த்துச் சென்னை ஐஐடி வளாகத்தில் மாணவர்கள் மாட்டுக்கறி தின்றார்கள். அதில் கலந்துகொண்ட ஆய்வு மாணவர் ஒருவரைக் கண்ணில் காயம்படும்படி அடித்தார்கள். 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா என்று மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஊரே மணக்கிற மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை என்றது. எதிர்ப்பு கிளம்பி, தமிழ்நாடு ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் விளக்கம் கேட்டதும், மழையைக் காரணம் காட்டித் திருவிழாவையே தள்ளிவைத்தார்கள். அதே ஆகஸ்டில் சென்னைத் தீவுத்திடல் உணவுத் திருவிழாவிலும் முதலில் மாட்டுக்கறியைக் காணோம். கேள்வி கேட்ட பிறகுதான் கடை வந்தது. 2023-இல் மும்பை ஐஐடி விடுதிகளில் பொது உணவுக்கூடத்தின் சில மேசைகளைச் சைவத்துக்கென்று ஒதுக்கினார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து கறி தின்று எதிர்ப்புக் காட்டிய மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம். ஒரு ஏழை மாணவனுக்கு அது எத்தனை மாதச் சாப்பாடு!

தனி மேசை, தனிப் பெட்டி, 'சைவம் மட்டும்' என்று எழுதிய வாடகை வீட்டு அட்டை. நம் தாத்தன்மார் பார்த்த தனிக் குவளைதான் இது. தேங்காய்ச் சிரட்டை பிளாஸ்டிக் ஆகி இப்போது மேசையாகியிருக்கிறது.

பந்தியில் சாதி பார்ப்பதும், பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுவதும் இந்த மண்ணில் நூறு வருசச் சண்டை. 1920-இல் நீதிக்கட்சியின் கையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போடத் தீர்மானித்தது. தலைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கணக்கு. அன்றும் நம் பிள்ளைகளின் பசியைக் காசில்தான் அளந்தார்கள். ஆனால் அளக்கவாவது ஆரம்பித்தார்கள். 1924-25-இல் சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி வைத்ததை எதிர்த்துப் பெரியாரும் மற்றவர்களும் போட்ட சண்டை எல்லோருக்கும் தெரியும். நியாயமான சண்டை. ஆனால் அன்றைக்குத் தனிப்பந்தி கூடாது என்று கொதித்த எத்தனையோ வீடுகளின் கொல்லைப்புறத்தில் நமக்குத் தனிச் சட்டிதான் இருந்தது. சமபந்தி என்ற சொல்லை நாம் இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பாபாசாகேப் அம்பேத்கரும் ஒரு காலத்தில் கையில் காசில்லாத மாணவர்தான். 1920-களின் தொடக்கத்தில் லண்டனில் படித்தபோது அவர் பட்ட பசியை அவருடைய வாழ்க்கை வரலாற்றில் தனஞ்சய் கீர் எழுதியிருக்கிறார். தங்கியிருந்த வீட்டில் போட்ட சாப்பாடு அரைவயிற்றுக்குக் காணாது. பகலெல்லாம் நூலகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் பசி தாங்காமல், நண்பர் கொடுத்த அப்பளக் கட்டிலிருந்து நாலு அப்பளத்தைத் தகரத் தட்டில் பொரித்துத் தின்றுவிட்டு மறுபடி படிக்க உட்காருவார். நமக்கு அரசியல் சட்டம் எழுதிக் கொடுத்த மனிதரின் ராத்திரிச் சாப்பாடு நாலு அப்பளம். இதைச் சொல்லி, 'பாத்தியா, அவரு பட்டினி கெடந்தே படிச்சாரு, நீயும் கெட' என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற பெரியவர்கள் நம்மிடையே உண்டு. தப்பு தோழர்களே. அந்த நாலு அப்பளம் அவரோடு முடிந்திருக்க வேண்டும். அடுத்த தலைமுறையும் அதே தகரத் தட்டோடு உட்கார்ந்திருந்தால் அது நமக்குப் பெருமை இல்லை.

அதே அம்பேத்கர் 1927-இல் மகாத்தில், செத்த மாட்டின் கறியைத் தின்பதை விடுங்கள் என்றார். இதைப் பிடித்துக்கொண்டு, 'ஒங்க தலைவரே மாட்டுக்கறி வேணாம்னு சொன்னாரே' என்று மடக்க வருவார்கள். செத்ததை இழுத்துப் போடு, அதையே தின்னு என்று தலையில் கட்டியது அடிமைத்தனம். அதைத்தான் அவர் விடச் சொன்னார். உழைத்த காசில், பிடித்த கடையில், பிடித்ததைக் கேட்டு வாங்கித் தின்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் விடுதலை. அதேபோல, கறி தின்னாத தோழரைப் பார்த்து 'நீ என்ன அய்யரா' என்று கிண்டல் பண்ணுவதையும் நாம் நிறுத்தணும். தட்டை அடுத்தவன் தீர்மானிக்கக் கூடாது என்றால், நாமும் அடுத்தவர் தட்டைத் தீர்மானிக்கக் கூடாது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் பேசுவோம். இவ்வளவு நேரம் சொன்ன ராத்திரிப் பரோட்டா, பெரம்பூர் பிரியாணி எல்லாம் பையன்களின் கதை. பெண்கள் விடுதியின் கதவை இருட்டுகிற நேரத்தில் பூட்டிவிடுகிறார்கள். மலிவான ராத்திரிக் கடை எதுவும் அவர்களுக்குக் கிடையாது. மெஸ்ஸில் தீர்ந்துபோனால் தீர்ந்ததுதான். பெட்டியில் ஒளித்துவைத்த பிஸ்கட், ஊரிலிருந்து வந்த பொட்டுக்கடலை உருண்டை, தண்ணி. வீட்டுக்குப் போனாலும் அண்ணன் தம்பிக்குப் போட்டது போக மிஞ்சியதுதான். நம் கூட்டங்களில் மேடையில் விடுதலை பேசிவிட்டு இறங்கினால், பின்னால் பெண் தோழர்கள் நூறு பேருக்குப் பொங்கிக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் பந்தியில் குழம்பு இருக்காது. பசியிலும் நமக்குள் படிநிலை வைத்துக்கொண்டு வெளியே யாரைப் போய்க் கேள்வி கேட்பது?

ஆகவே, மாணவத் தோழர்களே, சில வேலைகள்.

விடுதி உணவுப்படியை அஞ்சு வருசத்துக்கு ஒருமுறை தயவுபண்ணி உயர்த்துகிற பழக்கம் ஒழியணும். அரசு ஊழியருக்கு விலைவாசியோடு அகவிலைப்படி ஏறுகிறது. விடுதிப் பிள்ளையின் வயிற்றுக்கும் அதே கணக்கை வையுங்கள் என்று கேட்போம். உதவித்தொகையைக் கல்லூரி திறந்த மாசமே கொடு என்று கேட்போம். என்ன சமைப்பது என்று முடிவு செய்கிற குழுவில் மாணவர் உட்கார வேண்டும், மாணவிகள் கட்டாயம் உட்கார வேண்டும். பிள்ளைகள் விரும்புகிற விடுதியில் மாட்டுக்கறியும் சமைக்கப்பட வேண்டும். கேட்பதில் வெட்கம் என்ன?

உங்கள் விடுதிக்கு மாதம் எத்தனை கிலோ பருப்பு வந்தது, எத்தனை முட்டை வந்தது என்பதை அறிய 2005 முதல் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம். ஒரு பரோட்டா விலைகூட இல்லை. ஒரு விடுதியில் நாலு பேர் சேர்ந்து மனுப் போட்டுப் பாருங்கள், சாம்பார் கெட்டியாகிறதா இல்லையா என்று. வருகிற பதிலை நமக்கு அனுப்புங்கள். இதே பக்கங்களில் வெளியிடுவோம். மனுப் போட்ட பிள்ளையை விடுதியிலிருந்து விரட்டப் பார்த்தால் இயக்கம் வாசலில் வந்து நிற்கும்.

அப்புறம், மாசத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து சமைப்போம். தலைக்கு முப்பதோ நாற்பதோ, இருக்கிறவர் கொடுக்கட்டும். இல்லாதவர் வெங்காயம் உரிக்கட்டும். ஆண் தோழர்கள் அடுப்பைப் பார்த்துக்கொள்ளட்டும். பெண் தோழர்கள் முதல் பந்தியில் உட்காரட்டும். வேறு சாதி நண்பர்களையும் கூப்பிடுங்கள். வந்து நம் கறியை நம் தட்டில் தின்றால் தோழர். வந்துவிட்டு 'எனக்குப் பசிக்கல' என்றால் அந்தப் பசியின்மைக்குக் காரணம் என்ன என்று அன்போடு விசாரியுங்கள்.

நம் பிள்ளை 'பசிக்கல' என்றால் மட்டும் விசாரிக்க வேண்டாம். நம்பவும் வேண்டாம். இன்னொரு தட்டை எடுத்து வையுங்கள்.